ஒரு வெடியில் முடிய வேண்டும்

மாசி மாதத்தில் ஒஸ்லோவின் ஸ்டொவ்னர் சரிவில் ஒரு பெட்டை எல்க்கைக் கொல்ல யோகலிங்கத்துக்கு மூன்று வெடி தேவைப்பட்டது. முதலாவது சன்னம் கழுத்துச் சதையைக் கிழித்துக்கொண்டு மறுபக்கத்தால் வெளியே போய், பாறையில் பட்டுத் தெறித்து, எதிரே இருந்த தொடர்மாடியின் நாலாம் மாடிக் குசினி யன்னலை உடைத்தது. இரண்டாவது தாடையைப் பெயர்த்தது. எல்க்கைக் காணாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: அது மான் சாதிதான், ஆனால் குதிரையை விட உயரம், எருமையின் கனம். காரில் அடிபட்டு முன்னங்கால் இரண்டும் முறிந்த அந்த மிருகம், தாடை தொங்கத் தொங்க எழும்பப் பார்த்தது, விழுந்தது, மறுபடி எழும்பப் பார்த்தது. வேலிக்கு அப்பால் பாலர் பள்ளிப் பிள்ளைகள் பதினைந்து பேர் மஞ்சள் மேலங்கியோடு நின்று பார்த்தார்கள். மூன்றாவது வெடியில்தான் அது அடங்கியது. இதற்குள் யாரோ ஒரு புண்ணியவான் எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் படம் பிடித்து ஊர் உலகத்துக்கு அனுப்பிவிட்டான்.

ஒஸ்லோவில் வாகனம் அடித்துக் குற்றுயிராய்க் கிடக்கும் மிருகங்களை முடித்துவைக்கவென்று ஒரு குழு உண்டு. பொலிஸ் அழைத்தால் போக வேண்டும், சுட வேண்டும், உடலை ஏற்ற வேண்டும். அதில் ஒரே ஒரு தமிழர் யோகலிங்கம். குழுத் தலைவர் ஓட்வார் என்ற நெட்டை மனிதர், ஓய்வுபெற்ற தச்சர், கதைக்கிறதே குறைவு. அன்று சரிவில் இரத்தத்தின் மேல் பனியை அள்ளி மூடியபடி அவர் சொன்னது இவ்வளவுதான்: "உன் தோள் பயப்படுகிறது, யோகா. வெடிக்கு முன்னமே கண்ணை மூடுகிறாய். இன்னொருமுறை இப்படி நடந்தால் உன்னை வைத்திருக்க என்னால் முடியாது."

அவர் சொன்னது உண்மை. யோகலிங்கத்தின் வலது தோளுக்குள் ஷெல் துண்டு இரண்டு இன்னும் இருக்கிறது. கடையில் வாங்கும் தோட்டாவை வெடித்தால் துவக்கின் பின்புறம் அந்த இடத்தில் போய் இடிக்கும். ஒருதரம் பட்டவன் அடுத்த தரம் கண்ணைத் திறந்து வைத்திருக்க மாட்டான். அவரது வலது கையும் முழுக் கை இல்லை. பத்தொன்பது வயதில் நோர்வேயின் வடக்கு முனைக்கு வந்து மீன் ஆலையில் நின்றபோது, தலை வெட்டும் இயந்திரம் இரண்டு விரல்களின் நுனியைக் கொண்டுபோனது. மற்றவர்கள் வைத்திருக்கும் துவக்கில் அடுத்த தோட்டாவை ஏற்றப் பூட்டை விரலால் பிடித்து இழுக்க வேண்டும். அது அவருக்குச் சரிவராது. அதனால்தான் கௌபாய் படங்களில் வருகிற, கைப்பிடிக்குக் கீழே வளையம் வைத்த நெம்புத் துவக்கு ஒன்றைத் தேடி வாங்கினார். முழுக் கையையும் வளையத்துக்குள் விட்டுக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறிவிடும்.

இப்படித் தோளும் விரலும் போன மனிதர் இந்த வேலைக்கு ஏன் போக வேண்டும் என்று தமிழ்ச் சங்கக் கூட்டத்திலே கேட்காதவர்கள் இல்லை. "எல்க் யோகன்" என்று பெயரும் வைத்தாயிற்று. இறைச்சிக்காகப் போகிறான் என்றார்கள் சிலர், வெள்ளைக்காரரோடு ஒட்டப் போகிறான் என்றார்கள் வேறு சிலர். யோகலிங்கம் சிரித்துவிட்டுப் போவார். காரணத்தை அவர் ஒருவருக்கும் சொன்னதில்லை, மனைவி பவளத்துக்கும் சொன்னதில்லை. நான் சொல்கிறேன், ஏனென்றால் இது தெரியாமல் மற்றதெல்லாம் வெறும் இரத்தக் கதை.

தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம், மூதூருக்குத் தெற்கே ஒரு வாய்க்கால் கரை. யோகலிங்கத்துக்குப் பதினெட்டு வயது. சண்டை ஓய்ந்திருந்த நேரம் அரிசி எடுக்கப் போனவன், வரம்பில் ஒரு சிப்பாய் கிடப்பதைக் கண்டான். வயிறு திறந்து கிடந்தது. தண்ணீருக்கு இரண்டு முழம் தள்ளிக் கிடந்துகொண்டு "வதுர, வதுர" என்று சிங்களத்தில் தண்ணீர் கேட்டான். யோகலிங்கம் நின்று பார்த்தான், போனான். திரும்பி வரும்போதும் பார்த்தான். எங்களை அடித்தவன், சாகட்டும் என்று நினைத்தான். கொடுத்தால் ஆராவது காண்பார்கள் என்றும் நினைத்தான். அடுத்த நாள் போனபோதும் உயிர் இருந்தது. முகத்தில் எறும்பு ஏறியிருந்தது, வாய் மட்டும் அசைந்தது. மூன்றாம் நாள் முடிந்திருந்தது. தண்ணீரும் கொடுக்கவில்லை, அந்த உயிரை முடித்தும் வைக்கவில்லை. கிழமை திரும்ப முன் ஷெல் விழுந்து தோள் போனது. அதைத் தண்டனை என்று எடுத்துக்கொள்ளலாமோ என்று பல வருடம் யோசித்துப் பார்த்தார். கணக்குச் சரிவரவில்லை.

தன் கண்ணுக்கு முன்னால் இனி ஒரு உயிரும் சாகக் காத்துக் கிடக்கக் கூடாது. அவருக்கு வேண்டியது இவ்வளவுதான். ஒரு வெடி, ஒரு நொடி, அதற்கு மேல் வேண்டாம். அப்படிப்பட்டவர் ஒரு மிருகத்தை மூன்று வெடியால் சித்திரவதை செய்துவிட்டு வீடு வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வெஸ்ட்லித் தொடர்மாடியின் நிலக்கீழ்ச் சலவை அறையில், குளிர்ந்த தண்ணீரில் ஒரு மணித்தியாலம் குளித்தார். செத்த வீட்டுக்குப் போய்வந்தவர் போல, கொன்றுவிட்டு வந்தால் குளித்துத் துடக்குக் கழித்துத்தான் வீட்டுக்குள் வரலாம் என்பது பவளத்தின் சட்டம். அன்று அவள் இறங்கி வந்து கதவைத் தட்டித்தான் அவரை மேலே கூட்டிப் போக வேண்டியிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொடக்கம் தன் தோட்டாவைத் தானே செய்வது என்று இறங்கினார். மெதுவாகப் போகிற, பாரமான, மென்மையான ஈயச் சன்னம் வேண்டும். தோளை இடிக்கக் கூடாது, சட்டம் கேட்கிற வலுவுக்குக் குறையவும் கூடாது. எலும்பில் பட்டால் விரிந்து அங்கேயே வேலையை முடிக்க வேண்டும், பாறையில் தெறித்து யாருடைய குசினிக்கும் போகக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வைத்த இடத்தில் பட வேண்டும்.

ஈயத்துக்குக் குறைவில்லை. அவர் வேலை செய்வது டயர் மாற்றும் கடையில். சில்லைச் சமப்படுத்த விளிம்பில் அடிக்கும் பழைய ஈயக் கட்டைகள் பின்கொட்டிலில் வாளி வாளியாகக் கிடந்தன. முதல் நாளே பிழை விட்டார். புதிய கட்டைகள் ஈயமில்லை, துத்தநாகம். நாலைந்து அப்படிக் கலந்துபோக, இரும்புச் சட்டிக்குள் உருகிய ஈயம் முழுவதும் பாற்கஞ்சி போலத் திரண்டு ஒன்றுக்கும் உதவாமல் போனது. பிறகு ஒவ்வொரு கட்டையையும் குறட்டால் கடித்துப் பார்த்தார். பல் பதிந்தால் ஈயம், பதியாவிட்டால் குப்பை. முகமூடி போட்டு, முழங்கை வரை தோலுறை போட்டு, கதவைத் திறந்து வைத்து உருக்கினார். வார்ப்பு அச்சு சூடாகும் வரை வந்த சன்னங்கள் கிழவன் முகம் போலச் சுருங்கி இருந்தன. அவற்றைத் திரும்பச் சட்டிக்குள் போட்டார். நூறு வார்த்தால் நாற்பதுதான் தேறும்.

தேறியவையும் உடனே அவர் சொன்னபடி கேட்கவில்லை. முதல் ஐந்தைச் சுடுதளத்தில் சுட்டபோது கடதாசியில் வட்டத் துளை விழவில்லை, நீட்டுத் துளை விழுந்தது. சன்னம், அதைச் சுழற்றிவிடுகிற குழலின் உள்வரியைப் பிடிக்காமல் தலைகுப்புறப் புரண்டு போயிருக்கிறது. குழலை அளந்து பார்த்தார். சன்னத்தின் பருமன் மயிரளவு போதாது. அச்சை மாற்றினார். அடுத்து வெறும் ஈயம் குழலுக்குள் அப்பிக்கொண்டது. ஒரு பின்னேரம் முழுக்கத் தூரிகையால் உரஞ்சி எடுத்தார். அதற்குப் பயந்து கலவையைக் கடினமாக்கினால், மாட்டுத் தோள் எலும்பைத் துளைத்துக்கொண்டு விரியாமலே அப்பால் போயிற்று. புருசெத்தில் ஹலால் இறைச்சிக் கடைக்காரன் அந்த எலும்புகளை அவருக்காக எடுத்து வைப்பான். நனைத்த பத்திரிகைக் கட்டின் முன்னால் எலும்பை நிறுத்தி, சுட்டு, கட்டைப் பிரித்து, நசிந்த சன்னத்தை விரலால் தேடி எடுப்பார். கொஞ்சம் வெள்ளீயம் சேர்த்ததும் சன்னம் எலும்பை நொறுக்கி, காளான் போல விரிந்து, கட்டுக்குள்ளேயே நின்றது. நொறுங்கிய எலும்பைப் பார்த்துச் சந்தோசப்படுகிற மனிதரைக் கண்டு சுடுதளத்தில் சிலர் தள்ளி நின்றார்கள்.

குழலில் ஈயம் அப்பாமலிருக்கச் சன்னத்தின் வரியில் பூச மெழுகு வேண்டும். தேன்மெழுகோடு மாட்டுக் கொழுப்புச் சேர்ப்பார்கள். கொழுப்பை வீட்டில் உருக்கப் பவளம் விடுவாளா? தேங்காய் எண்ணெய் சேர்த்தார். சுடுதளத்துக் கொட்டகைக்குள் அருமையாகச் சுட்டது. பங்குனிக் கடைசியில் பன்னிரண்டு பாகை உறைகுளிரில் வெளியே நின்று சுட்டபோது எண்ணெய் கல்லாகி உதிர்ந்து, சன்னங்கள் திசைக்கொன்றாய்ப் போயின. இந்த ஊரில் தேங்காய் எண்ணெய் போத்தலை ரேடியேட்டரில் வைத்துத்தானே தலைக்கு வைக்கிறோம், இது ஏன் முன்னமே தோன்றவில்லை என்று தன்னையே ஏசிக்கொண்டார். ஆட்டுக் கொழுப்புக்கு மாறி, கொட்டிலிலேயே உருக்கினார்.

கடைசியாக வெடிமருந்து. கொஞ்சத்தில் தொடங்கி, படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படிக்கும் ஐந்து வெடி. நூறு மீற்றரில் முதற்படி இரண்டு கை அகலம் சிதறியது. ஏற ஏற ஒடுங்கியது. ஒரு படியில் ஐந்து துளையும் தேநீர்க் கோப்பையின் தட்டுக்குள் அடங்கின. இன்னும் ஏற்றினால் இன்னும் ஒடுங்கும் என்று ஆசைப்பட்டு ஏற்ற, மறுபடி சிதறியது, தோளும் கத்தியது. பேசாமல் இறங்கி வந்தார். எவ்வளவு மருந்து என்று நான் எழுதப் போவதில்லை. ஒரு துவக்குக்குச் சரியானது இன்னொரு துவக்கையும் அதைப் பிடித்தவனையும் சேர்த்து வெடிக்க வைக்கும். தோட்டாவின் பெரிய வெற்றுக் கோதுக்குள் அவரது சிறிய அளவு இரண்டுதரம் விழுந்தாலும் வெளியே தெரியாது. அதனால் ஒவ்வொரு கோதுக்குள்ளும் டோர்ச் அடித்துப் பார்ப்பார். ஒருநாள் நடுவில் மகள் தக்சிலா திராமன் நகரத்திலிருந்து தொலைபேசி எடுத்தாள். மூன்றாம் முறையாகப் பிள்ளை தங்கியிருக்கிறது என்றாள். முதல் இரண்டும் தங்காமல் போனவை. அவர் கதைத்து முடித்து வந்து, எந்தக் கோதில் விட்டேன் என்று நிச்சயமில்லாமல் ஐம்பதையும் கொட்டி முதலிலிருந்து தொடங்கினார்.

சித்திரையிலிருந்து ஐப்பசி வரை ஏழு அழைப்பு. ஏழுக்கும் ஒவ்வொரு வெடி. நெடுஞ்சாலையில் குடல் இழுபட நடந்த கிடாய் மான், காதுக்குக் கீழே. பின்புறம் முழுவதும் கூழாகி முன்கால்களால் தார் ரோட்டைச் சுரண்டிக்கொண்டிருந்த எல்க் கன்று, கண்ணுக்கும் காதுக்கும் நடுவில். கம்பி வேலியில் கொளுவித் தன் காலைத் தானே பிய்த்த ஒன்று. அவர் பக்கத்தில் போய், நின்று, மூச்சை விட்டு, கண்ணைத் திறந்தபடி சுட்டார். மிருகம் நின்ற நிலையிலேயே மடிந்து விழும். தோள் நோகவில்லை. ஓட்வார் அடுத்தடுத்த அழைப்புகளுக்கு அவரை முதலில் அழைத்தார். யோகலிங்கத்துக்கு அது பதக்கம் தந்த மாதிரி இருந்தது.

வைகாசியில் புருசெத் பக்கம் சுட்ட பெட்டை மானின் வயிறு கிழிந்திருந்தது. செத்த பிறகும் வயிறு அசைந்தது. உள்ளே இரண்டு குட்டி. வெளியே எடுத்தால் பிழைக்காத மாதம். அவர் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பின்கழுத்தை முறித்தார். அதையும் தாமதிக்கவில்லை. குளித்துவிட்டு வீட்டுக்கு வந்து, சோற்றைப் பிசைந்தபடி, என்ன நினைத்தாரோ, பவளத்திடம் சொல்லிவிட்டார். அவள் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனாள்.

பவளம் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். சாவைக் காணாதவள் அல்ல. ஆனால் அன்றிலிருந்து மகளின் வயிற்றையும் அந்த மானின் வயிற்றையும் அவளால் வேறு வேறாக நினைக்க முடியவில்லை. கந்தசஷ்டி வந்தது. ஆறு நாளும் பாலும் பழமும்தான். விரதம் தொடங்குவதற்கு முதல் நாள் அவள் அவர் முன்னால் வந்து நின்றாள்.

"ஆறு நாளைக்கு ஒண்டையும் கொல்ல வேண்டாம். பிள்ளைக்காகக் கேக்கிறன்."

"அவங்களிட்டைச் சொல்லுறன். என்னைக் கூப்பிட மாட்டாங்கள்."

"கூப்பிட்டா நீங்கள் போவியள். உங்களை எனக்குத் தெரியாதே? பெட்டித் திறப்பைத் தாங்கோ. ரெண்டையும்."

துவக்குப் பெட்டியைப் பூட்டித் திறக்கும் திறப்பு, உரிமம் உள்ளவரை விட்டு வேறு ஒருவர் கைக்கும் போகக் கூடாது. மனைவி கைக்கும் கூடாது. இந்த நாட்டில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம். தெரிந்துகொண்டும் யோகலிங்கம் இரண்டு திறப்பையும் கழற்றிக் கொடுத்தார். எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. சாமி பேரைச் சொல்லிவிட்டால் பொலிசின் சட்டம் ஆறு நாள் லீவில் போய்விடும். பவளம் திறப்புகளை மஞ்சள் நூலில் கட்டி, முருகன் படத்துக்கு முன்னால் வைத்தாள். பிறகு, சாமித்தட்டில் இருந்தால் இந்த மனிதர் எடுத்துவிடுவார் என்று யோசித்துத் தன் கைப்பைக்குள் போட்டாள்.

ஐந்து நாள் ஒரு குறையும் இல்லாமல் போனது. ஆறாம் நாள் பின்னேரம் நாலரைக்கே இருட்டிவிட்டது. கார்த்திகை நெருங்கினால் அப்படித்தான். குளிர்கால டயர் மாற்றும் கூட்டத்தோடு மல்லுக்கட்டிவிட்டு யோகலிங்கம் காரில் வந்துகொண்டிருந்தார். வெஸ்ட்லி நிலையத்துக்குக் கீழே பஸ் திரும்பும் இடத்தில் சனம் கூடி நின்றது. ஒரு பஸ்ஸின் முன்கண்ணாடி வலையாக வெடித்திருந்தது. அதன் முன்னால், வெளிச்சத்தின் நடுவே, ஒரு ஆண் எல்க். இடுப்பு முறிந்து பின்கால்கள் இரண்டும் பக்கத்துக்கொன்றாய் விரிந்து கிடந்தன. விலா ஒன்று தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. முன்கால்களால் உடம்பை இழுத்து இழுத்து அது சனத்தை நோக்கி வந்தது. சனம் பின்னால் போய் நின்று படம் பிடித்தது.

ஓட்வாருக்குத் தொலைபேசி எடுத்தார். அவர் நகரத்தின் மறு அந்தத்தில் வேறொரு மிருகத்தோடு நின்றார். "நாற்பது நிமிடம்," என்றார். பொலிஸ் அதைவிடக் கூடுதலாகச் சொன்னது. யோகலிங்கத்தின் வீடு அங்கிருந்து நாலு நிமிட நடை. துவக்கு இருக்கிறது, தட்டுக்குள் ஐந்து துளை போடுகிற தோட்டா ஐம்பது இருக்கிறது, எல்லாம் இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. பவளம் அம்மெரூட் கோயிலில். அவளுக்கு எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அங்கே சூரசம்காரம். சூரன் தலைக்குமேல் தலை மாற்றி ஆட, வேல் வந்து ஒவ்வொன்றாய் விழுத்திக்கொண்டிருக்கும் நேரம். விரதகாரர் எல்லோரும் கைகூப்பி நின்று பார்க்கிற கொலை அது. இரண்டாம் தரம் எடுத்தார். எல்க் அவரைப் பார்த்து வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை, சிவந்த நுரைதான் வந்தது. நாக்கு வெளியே வந்து பனி மூடிய தாரை நக்கியது.

மூன்றாம் தரம் எடுத்தார். பதில் இல்லை.

வாய் மட்டும் அசைவதைப் பார்த்துக்கொண்டு நாற்பது நிமிடம் நிற்க அவரால் ஏலாது. காரின் பின்பெட்டியைத் திறந்து, குழுவின் பையிலிருந்து தோலுரிக்கும் கத்தியை எடுத்தார்.

பின்கழுத்தில், மண்டை எலும்பு முடிகிற பள்ளத்தில் இறக்க வேண்டும். பயிற்சியில் சொல்லித் தந்தது அது, செத்த உடலில் காட்டித் தந்தது. உயிரோடு இருப்பது தலையைக் குனிந்து காட்டாது. பின்னால் சுற்றிப் போய்க் கொம்பைப் பிடித்துக் குத்தினார். கத்தி எலும்பில் வழுக்கி, காதைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. எல்க் தலையை உதறிய வேகத்தில் அவர் முன்னால் போய் விழுந்தார். முன்கால் ஒன்று மேலே எழும்பி அவரது நெஞ்சில் இறங்கியது. உள்ளே ஏதோ முறிகிற சத்தம் அவருக்கே கேட்டது. இரண்டாவது குளம்பு வலது தோளில், பழைய இடத்திலேயே இறங்கியது. யாரோ ஒரு பெண் "கொலைகாரன்" என்று நோர்வேஜிய மொழியில் கத்தினாள். ஓம், கொலைகாரன்தான். அதற்குத்தான் வந்திருக்கிறேன், கொல்ல விடுங்கள் என்று அவருக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. மூச்சு வரவில்லை.

உருண்டு எழும்பினார். வலது கை தூக்க வரவில்லை. கத்தியை இடது கைக்கு மாற்றி, கொம்புக்குப் பின்னால் முழங்காலை ஊன்றி, முழுப் பாரத்தையும் கழுத்தில் போட்டுக் குத்தினார். இரத்தம் முகத்தில் அடித்தது, கண்ணுக்குள் போனது. பள்ளம் பிடிபடவில்லை. மறுபடி குத்தினார். எல்க் அவரைச் சுமந்துகொண்டு இரண்டு முழம் இழுபட்டது. அவர் அழுதுகொண்டிருந்தார். "பொறு ராசா, பொறு, முடிச்சு விடுறன்," என்று தமிழில் சொல்லிக்கொண்டே ஐந்தாம் தரமோ ஆறாம் தரமோ குத்தியபோது கத்தி பிடி வரை இறங்கியது. உடம்பு ஒருதரம் நடுங்கி நின்றது. ஒரு வெடிக்கு ஒரு நொடி போதும் என்று எட்டு மாதம் மெனக்கெட்டவர், ஏழு நிமிடம் எடுத்து, கசாப்புக்காரனும் வெட்கப்படுகிற விதமாக அதைக் கொன்று முடித்தார்.

ஓட்வார் வந்தபோது அவர் எல்க்கின் கழுத்தில் சாய்ந்தபடி இருந்தார். ஓட்வார் காயங்களை எண்ணிப் பார்த்தார். யோகலிங்கத்துக்குத் தெரியும், எண்ணத்தான் செய்வார்.

"துவக்கு எங்கே?"

பெட்டி பழுது, பூட்டு இறுகிவிட்டது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஓட்வார் நம்பியிருப்பார், நம்ப விரும்பியிருப்பார்.

"திறப்பு மனைவியிடம்," என்றார் யோகலிங்கம். "ஆறு நாளாக அவளிடம்தான் இருக்கிறது."

ஓட்வார் கையுறையைக் கழற்றினார். "நான் அதை அறிக்கையில் எழுத வேண்டும்."

"எழுது."

அவ்வளவோடு துவக்கும் உரிமமும் குழுவும் போயிற்று. மறுநாள் காலை பொலிஸ் வந்து பெட்டியோடு எடுத்துப் போனது.

எல்க் செத்த அன்றிரவே அவரை அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மூன்று விலா, ஒரு காறை எலும்பு. பவளம் கோயில் சேலையோடு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தாள். நெற்றியில் திருநீறு அழியாமல் இருந்தது. அவள் ஏசுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் ஈரத் துணியால் அவரது காதுக்குப் பின்னால் காய்ந்திருந்த இரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"விரதத்தைக் கெடுத்துப் போட்டன்," என்றார்.

"கதையாதேங்கோ. நெஞ்சு நோகும்."

"கதைக்க வேணும் பவளம்." அவர் கதைத்தார். மூச்சு எட்டிய அளவுக்கு, துண்டு துண்டாக. வாய்க்கால் கரை, வரம்பு, எறும்பு, அந்த ஒரு சொல். முப்பத்தினாலு வருடம் கழித்து முதல்தரம் சொன்னார். "ரெண்டு நாள் கிடந்தவன். நான் மூண்டு தரம் அவனைக் கடந்து போனனான். சத்தம் கேட்டது. கேட்டுக்கொண்டுதான் போனனான்."

பவளத்தின் கை நின்றுவிட்டது. துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"என்ரை ஃபோன் சத்தம் இல்லாமல் கிடக்கேல்லை," என்றாள். "கையிலைதான் வைச்சிருந்தனான். மூண்டு தரமும் உங்கடை பேரைப் பாத்தனான். திறப்புக்குத்தான் எடுக்கிறியள் எண்டும் தெரியும். எங்கேயோ ஒண்டு கிடந்து துடிக்குது எண்டும் தெரியும். பிள்ளையை நினைச்சன். எடுக்கேல்லை."

அவர் அவளைப் பார்த்தார். அவள் என்ன கேட்கிறாள் என்று அவருக்கு விளங்கியது. பரவாயில்லை என்று ஒரு சொல். அவர் இத்தனை வருடமாக ஆரிடமாவது கேட்க நினைத்த அதே சொல். வாய் வரை வந்தது. ஆனால் அது தன் வாயால் சொல்லக்கூடிய சொல் அல்ல, தனக்கு அதைச் சொல்லக்கூடியவன் வரம்பிலேயே செத்துப்போனான் என்று நினைத்து, பேசாமல் இருந்தார்.